சோடி விலை

ஒன்று மட்டும் தருவீர்களா என்று கேட்டேன்.
வவுனியாக் கடைப் பெடியன் சிரிக்கவில்லை, பாவம்.
"பிரிச்சு விக்கேலாது அண்ணை, இது சோடி" என்றான்.
ஒரே மரத்தில் அறுத்த பலகையாம்,
ஒன்றுக்கொன்று சரிபார்த்துத்தான் பெட்டியில் போடுவார்களாம்.
என் வலது காதைப் பற்றி அவனுக்கு ஏன் சொல்லுவான்.

மூன்று இலட்சத்து அறுபதாயிரம்.
காலபோக நெல்லில் நாற்பத்தெட்டு மூட்டை.
அதில் சரிபாதி, இருபத்துநாலு மூட்டை,
எனக்குச் செவிடான பக்கத்துக்குப் போகிறது.
மல்லாவி பஸ்ஸில் ஒன்று மடியில், ஒன்று பக்கத்து இருக்கையில்.
அதற்கும் டிக்கட் எடுக்கச் சொன்னான் கொண்டக்டர்.

பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. தாளில் ஒரு கோடு,
இருபதில் தொடங்கி இருபத்தையாயிரம் வரை
புதிதாய்க் கட்டிய வாய்க்கால் மாதிரி நேராக.
ஆஸ்பத்திரி தந்த என் தாளிலும் கோடு உண்டு.
மூவாயிரம் மட்டும் ஒழுங்காக நடந்துவந்து
அங்கே கட்டுடைத்த குளமாய்ச் சரிகிறது.
அது இடது காதின் கோடு. நல்ல காது.
வலதுக்குக் கோடே இல்லை.

இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் வைத்து
நகுலேஸ்வரி கனநேரம் பார்த்தாள்.
"விழுந்த இடத்துக்கு அங்கால உள்ளதுக்கும்
காசு குடுத்திருக்கிறியள்."
கணக்கில் பிழையில்லை.
பிள்ளையார் கோயில் மரத்தில் கட்டிய தகரப் புனல்
என் காதுக்கு அளவெடுத்துத் தைத்தது போல.
அதற்கு மேல் எல்லாம் பகட்டு என்று
நானே பத்துப் பேருக்குச் சொன்னவன்.

பிறகேன் வாங்கினாய் என்றால்,
கடையில் அவன் போட்டுக் காட்டியபோது
நாதஸ்வரக்காரர் ஊதுமுன் மூச்சை இழுத்தார்.
அவ்வளவுதான்.
பின்னால் ஆள் நிற்கிறதென்று திரும்பிப் பார்த்தேன்.
ஒரு மூச்சுக்கு நாற்பத்தெட்டு மூட்டை.
கமக்காரர் கூட்டத்தில் சொன்னால் தலைவர் உட்படச் சிரிப்பார்கள்.

முதல்நாள் இரவு கரண்ட் இறங்கி மின்விசிறி நொண்டியது.
ஓட்டு வீடு, உட்கூரை இல்லை,
சத்தம் மேலே ஏறிப் பல்லிகளோடு திரிந்தது.
நேரே இருந்தால் எனக்குப் பாதிக் கச்சேரி.
கதிரையைக் குறுக்கே திருப்பினேன்,
இரண்டு பெட்டியும் இடது காதைப் பார்க்கும்படி.
அந்தப் பெடியன் கண்டால் அழுவான்.
அப்படி இருக்க, என் முகம் குசினி வாசலுக்கு நேரே.
வாசலில் நகுலேஸ்வரி,
நிலையில் சாய்ந்து, கையில் அரிசிச் சுளகு.

தவில் வந்தது.
தாளம் போடுகிறவன் வரவில்லை.
அவன் இருக்கிறான், தெரியும். மேளக் கூட்டத்தில்
ஆகக் குறைந்த கூலி அவனுக்குத்தான்.
கடைசிப் பந்தியில் சாப்பிட்டு
கடைசியாய் வானில் ஏறுகிறவன்.
பெட்டியின் உச்சியில் பொட்டளவு ஒரு பட்டுக் குமிழ்,
விலையில் பெரும்பங்கு அதற்கென்று சொன்னான் பெடியன்.
அது முழுக்க முழுக்க அந்த மனிசனுக்காகத்தான் உழைக்கிறது.

நகுலேஸ்வரியின் புருவம் ஏறி இறங்கியது.
மறுபடியும்.
சுளகு எப்போதோ நின்றுவிட்டது.
விரல் மடக்கி எண்ணிப் பார்த்தேன்,
தவிலுக்கும் புருவத்துக்கும் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை.

"கேக்குதோ?" என்றாள்.
"ஓம்" என்றேன்.
முழுப் பொய் என்று சொல்லமுடியாது.

மிச்சம் எண்பதாயிரம்.
சிறுபோகம் வெட்டியபின் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.
வவுனிக்குளத்தில் இந்தமுறை தண்ணீர் குறைவு.