நாலாம் வாசல்

பெயிண்ட் காயப் பொழுதாகும் என்றார் அமானுல்லா.
"கோட்டைக்கு வேணா போயிட்டு வாங்கம்மிணி.
ஊருக்குள்ள உக்காந்தா லாரியத்தான் பாக்கோணும்."

வாஸ்தவந்தான். சங்ககிரியில்
டீக்கடை பெஞ்சுக்கு எதிரே
கழற்றிய முன்சக்கரம் ஒன்று சாய்ந்து நின்று
நாங்கள் குடிப்பதைப் பார்த்தது.
வெல்டிங் வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டே
அடிவாரம் வந்தோம்.
கல்யாணமாகிப் பதினொரு வருடம்,
கணக்கில் எடுத்தால் இதுதான் முதல் சுற்றுலா.

கீழ் வாசலில் காவலாள்
நோட்டில் பேர் எழுதச் சொன்னார்.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
சென்னியப்பன் எழுதினார்:
எஃப்.சி.

வாசலுக்கு வாசல் பாதை ஒடிந்து திரும்புகிறது.
யானை ஓடிவந்து கதவை முட்டிவிடக் கூடாதாம்.
இவர் இரு கையையும் விரித்து அளந்தார்:
"பதினாறு சக்கரம் இதுல திரும்பாது."
அஸ்ஸாம் மலையெல்லாம் ஏற்றி இறக்கியவர்
நாலாம் வாசலில் கல்லைத் துடைத்து உட்கார்ந்துவிட்டார்.
"எனக்கு இதுக்கு மேல கியர் இல்ல.
நீ போயிட்டு வா."
என் கைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் வாசல்களை எண்ணவில்லை.
சுவர் முழுக்க அம்பு பாய்ந்த இதயங்கள்.
எண்பத்தொன்பதில் ஒருவன்
தன் பேரை, ஊரை, இனிஷியலை ஆழமாக வெட்டிவிட்டு
அவளுக்கு மட்டும்
ஒற்றை எழுத்தோடு நிறுத்தியிருக்கிறான்.

வரி தானியம் கொட்டிவைத்த கிடங்காம்,
உள்ளே வவ்வால் வாடை.
அஞ்சாம் தேதி வரும் ஃபைனான்ஸ்காரர் ஞாபகம் வந்தது,
வெளியே வந்துவிட்டேன்.

உச்சியில் பெருமாள் கோயில் பூட்டியிருந்தது.
காற்று முந்தானையைப் பிடுங்கியது.
கீழே
பட்டறை பட்டறையாக லாரிகள்,
யாரோ கொட்டிவிட்டுப் போன தீப்பெட்டிகள் போல.
எங்களுடையதைத் தேடினேன்.
புது மஞ்சளில் ஏழெட்டு நின்றன.
என் கொடி அடகுக்குப் போனது
எதனுடைய டயராக என்று
அங்கிருந்து தெரியவில்லை.

ஆனால் ரோடு தெரிந்தது.
ஒரு முனை சேலத்துக்கு, ஒரு முனை கோயமுத்தூருக்கு.
இத்தனை வருடம்
"கெளம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு
இவர் எதில் போய் மறைகிறார் என்பதை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
அகலமாக, வெயிலோடு,
கொஞ்சம் அழகாகக்கூட இருந்தது.
அதை ஒருநாளும் இவர் சொன்னதில்லை.

போன் அடித்தது.
"எங்க இருக்கற?"

நாக்பூருக்கும் விஜயவாடாவுக்கும்
ராத்திரி ராத்திரியாக நான் கேட்ட கேள்வி,
அதே அவசரத்தோடு,
அதே கோபத்தை அடக்கிக்கொண்டு.
"நேரமாச்சு. தண்ணி குடிச்சியா?"

எனக்கு ஒரே ஒரு பதில்தான் தெரியும்,
இவரிடம் கற்றது.

"பக்கத்துல வந்துட்டேன்," என்றேன்.

பிறகு மதில் நிழலில் காலை நீட்டி,
இடுப்பில் செருகியிருந்த கடலைமிட்டாயை எடுத்து
காகிதம் காற்றில் பறந்துவிடாமல்
மெல்லப் பிரித்தேன்.