கதிரைக் கணக்கு

நான் சேர்ந்தபோது மூன்று கதிரைகள்.
ஆட்கள் நாலு.
யாராவது ஒருவர் எப்போதும்
தேத்தண்ணி வாங்கப் போயிருக்கவேண்டும் என்பது
எழுதாத விதி.

ஸ்ரான்லி வீதியில், பெயின்ற் கடைக்கு மேலே.
கீழே நிறம் கலக்கும் மெஷின் போட்டால்
எங்கள் மேசைகள் நடுங்கும்.
வாகீசனின் நிரலில் ஓர் அரைப்புள்ளி
அப்படித்தான் தவறி விழுந்தது என்று
இன்றும் சொல்லிக்கொள்வோம்.

தொலைபேசி எடுக்கத்தான் என்னை எடுத்தார்கள்.
ஒரு புதன்கிழமை, சாவகச்சேரி மருந்துக்கடைக்காரர் கத்தினார்:
"பிள்ளை, பனடோல் ஒரு கார்ட் நாலாயிரம் எண்டு அடிக்குது!"
வேறு யாரும் இல்லை. பஸ் ஏறினேன்.
அவருடைய கல்லாவுக்குப் பின்னால் முழந்தாளிட்டுப்
பிழை தேடிய அந்த மூன்று மணித்தியாலம்
என் முதல் பதவி உயர்வு.
சம்பளம் ஏறியது பதினொரு மாதம் கழித்து.

பிறகு மருந்துக்கடைகள் கைவிட்டன.
பாடசாலைகளுக்கு வரவுப்பதிவு செய்தோம்,
அதுவும் ஒரு தவணைதான்.
இப்போது நோர்வேயில் ஒரு கம்பனிக்கு
மீன்பெட்டிகளை எண்ணிக் கொடுக்கிறோம்.
பெயர்ப்பலகை மூன்றுமுறை மாறியது,
விசிட்டிங் கார்டில் என் பதவியும்.
பழைய கார்டுப் பெட்டியொன்று
பிரின்ரரின் ஆடும் மூலைக்குக் கீழே
இன்னும் உத்தியோகம் பார்க்கிறது.

போனவர்களும் உண்டு.
நிரூஜன் கொழும்புக்குப் போனான்.
அவன் வைத்த கடவுச்சொல்லைத்தான்
காலையில் இன்னும் தட்டுகிறேன்.
அதில் அவனுடைய நாயின் பெயர் இருக்கிறது.

அம்மா சாதகத்தோடு கொடுத்த குறிப்பில்
தொழில் என்ற இடத்தில் 'தனியார்' என்று மட்டும்.
தரகர் கேட்டாராம்:
தனியார் எண்டா, ஆர்?

இன்று மேல்மாடியும் எங்களுடையது.
இருபத்தாறு கதிரைகள், எல்லாம் சுழலும்.
நேர்முகத்துக்கு வந்த லக்சிகா
முதுகை நிமிர்த்திக் கேட்டாள்:
"இஞ்ச வளர்ச்சிக்கு என்ன வழி இருக்கு, மிஸ்?"
வாகீசன் என்னைப் பார்த்தான்.
ஏணிப்படம் போட்ட ஸ்லைட் ஒன்று இருக்கிறது,
நான்தான் செய்தேன்.
அதைத் திறக்கக் கை போகவில்லை.

கீழே மெஷின் போட்டார்கள்.
மேசை நடுங்கியது, அவள் முன்னால் தண்ணீர்க் கிளாஸும்.
அவள் பதறவில்லை.
ஒரு கையால் கிளாஸைப் பிடித்தபடி
பதிலுக்குக் காத்திருந்தாள்.

"திங்கள் வரேலுமே?" என்றேன்.

அவள் படியிறங்கின பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்.
ஒரு கதிரை குறைந்தது.