பொருந்தவில்லை

பாடாங் செராய் தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில்
ஞாயிறு மூன்று மணிக்கு
நாற்காலிகளை வட்டமாகப் போடப் பார்த்தார்கள்.
நடுவில் ஒரு தூண். வட்டம் வரவில்லை.
மீகூன் பொட்டலம், பிளாஸ்கில் மைலோ,
ஒரே பக்கம் திரும்பி நின்றுவிட்ட மின்விசிறி.

முதலில் சந்திரகாசன் எழுந்தார்.
செம்பனைக் குலை ஏற்றும் லாரி அவருடையது.
காய்ச்சல் எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டபோது
நாள் தெரியவில்லையாம், லோடுதான் தெரிந்ததாம்.
"பதினோரு லோடு.
பதினோரு லோடு வரைக்கும்
பனடோல் குடுத்துக்கிட்டே இருந்திருக்கேன்."
அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.
அவர் பொட்டலத்து இறால்களை
ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள்
பத்தொன்பது வயது மகள்.

கவிநேசனுக்குச் சிரிக்க வைக்கத் தெரியும்.
முடி கொட்டிப் பள்ளிக்குத் திரும்பிய ஆறாம் ஆண்டில்
அவன் மொட்டையைத் தடவினால்
ஏழு ஏ நிச்சயம் என்று யாரோ கிளப்பிவிட
பரீட்சை காலையில் வரிசை நின்றதாம்.
"தடவுன ஒருத்தனுக்கும் வரல."
எனக்கும் சிரிப்பு வந்தது.
அவன் மட்டும் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

மங்களேஸ் அக்காவுடன் யாரும் வரவில்லை.
வருவதற்கு இருந்தவள் ரேணுஷா ஒருத்திதான்.
மடியில் ஒரு பை.

"ரத்தம் குறைஞ்சிடுச்சி, பச்சையா எதுவும் கூடாதுன்னாங்க.
ஆப்பிளைக்கூட வேக வெச்சேன்.
ரம்புத்தான் கேட்டா.
வாசல்லயே மரம், சன்னல்ல தெரியும்.
அடுத்த பருவத்துக்குன்னேன்."

பையை அவிழ்த்து நடுவில் வைத்தார், தூணருகே.
கொத்துக் கொத்தாய், எறும்போடு.
முதல் கையை நீட்ட
எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை.
"சாப்பிடுங்க, வீணாப் போகுது"
என்று அவரே அதட்டிய பிறகுதான்
இறால் தின்ற பெண் எழுந்து போனாள்.

பிறகு என்னைக் கேட்டார்கள், நீங்கள் யாருக்கு அம்மா என்று.
அக்கா, என்றேன்.
பட்டியலில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

துவாரகனுக்கு ஐந்து வயது, எனக்கு எட்டு.
அப்பாவும் அம்மாவும் அவனோடு ஃபெரியில் பினாங்குக்குப் போவார்கள்.
நான் மேரி ஆண்ட்டி வீட்டில் வாய்ப்பாடு எழுதுவேன்.
ஒரு தடவைதான் என்னையும் கூட்டிப் போனார்கள்.
அந்த முறை ஊசி எனக்கு.
இரண்டு வாரம் கழித்து
ஃபோனை வைத்துவிட்டு அம்மா சொன்னார்,
பொருந்தவில்லை.

அதற்கு முந்திய தீபாவளியில்
ஒரு ஸ்டிக்கருக்காக அவனை அறைந்து
நீ என் தம்பியே இல்லை என்று கத்தியிருந்தேன்.
ரத்தத்துக்குக் காது உண்டென்று
எட்டு வயதில் நான் கண்டுபிடித்தேன்.
மருந்திலேயே அவன் பிழைத்துக்கொண்டான்.
முடி முளைத்தது, சைக்கிள் விட்டான்,
கூலிமில் தொழிற்சாலை வேலைக்கும் போய்விட்டான்.
என் ரத்தம் மட்டும்
சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கவே இல்லை,
பதினெட்டு வருடம்.

இதையெல்லாம் தூணைப் பார்த்துத்தான் சொன்னேன்.
அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன்
முகத்தை மட்டும் எட்டி நீட்டினான்,
விரலெல்லாம் ரம்புத்தான் சாறு.

"எந்த ஸ்டிக்கர்?"

மீன் படம் போட்டது, என்றேன். மின்னும்.
"என்னா கலர்?"
பச்சை என்று வாயெடுத்தேன்.
பச்சையா, நீலமா?
பதினெட்டு வருடம் தினமும் பார்த்த மீனுக்கு
நிறம் வரவில்லை.
"எனக்கு ஃபெரி மட்டுந்தான் ஞாபகம்,
நீ வரலன்னு அழுதேனாம், அம்மா சொல்லும்"
என்றபடி அடுத்த காயை உரித்தான்.

மங்களேஸ் அக்கா கீழே குனிந்து
தோல்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.
விட்டுடுங்கக்கா, கூட்டிக்கலாம் என்றார்கள்.
அவர் காதில் விழவில்லை.
நானும் குனிந்தேன்.
கீழே மைலோ சிந்தியிருந்தது,
எறும்புகள் அதற்குள் வந்துவிட்டிருந்தன.