இரண்டு மழைக்காலம்

இந்தச் சணல் வலைக்கு ஆயுசு
இரண்டு மழைக்காலம்தான் என்றார் பொறியாளர் தன்வீர்.
அதற்குள் புல் பிடித்துவிட வேண்டும்.
பிறகு வலை மக்கிப் போகலாம்,
போகணும்,
அதற்காகவே நெய்தது.

நாங்கள் பதினோரு பேர், நாள்கூலி.
முகட்டில் முழ ஆழம் பள்ளம் தோண்டி
வலையின் தலையை அதில் புதைத்து
சரிவில் உருட்டிவிட்டோம்.
மேல்விரிப்பின் ஓரம் கீழ்விரிப்பின்மேல் படியணும்,
ஓடு வேய்கிற மாதிரி.
மாறினால் தண்ணீர் அடியில் நுழைந்து
மலையை உரித்துவிடும்.
ஷோம்ஜிதாவுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.
போன வருஷம் அவள் அடுப்பு, அரிசி டின்,
தூங்கிக்கொண்டிருந்த மாமனார்
மூன்றும் அடிவாரத்தில் கிடைத்தன.
டின் மட்டும் நசுங்காமல்.

இங்கே காடு இருந்ததாம், யானைகள் நடந்த தடமாம்.
நாஃப் நதி தாண்டி வந்த நாங்கள்தான் வெட்டினோம்.
சோறு வேக வேண்டியிருந்தது.

மூங்கில் ஆணி அடித்து
வலைக்கண்களில் வெட்டிவேர் நாற்று.
வெட்டியதாலேயே வேர் ஆழம் தேடும் என்கிறார்கள்.
எனக்கு அப்படித் தோன்றவில்லை.
நட்டேன்.

ஒரு விடிகாலை நான்காவது விரிப்பில்
கதவளவு ஓட்டை.
கத்தியால் நேராக அறுத்தது, பழகிய கை.
மேற்பார்வை நோட்டு என்னிடம்தான்.
தேட வேண்டியிருக்கவில்லை:
கீழ்வரிசையில் நூர்கைதாவின் வாசலில்
புதுத் திரை ஆடியது.
வயசுக்கு வந்த பெண்கள் இரண்டு,
கிழிந்த தார்ப்பாய்.
நோட்டில் எழுதினேன்: ஆடு.
தன்வீர் படித்தார்.
இந்த மேட்டில் எத்தனை ஆடு என்று அவருக்குத் தெரியும்.
பக்கத்தைத் திருப்பினார்.

ஓட்டையில் மட்டும்
விரலிடை விட்டு நாற்றை நெருக்கினேன்.
ஒன்பது நாள் விடாத மழை.
மலை நின்றது.
ஓட்டை மட்டும் இரண்டு கூடை மண் கக்கியது,
அது வழிந்து வந்து சேர்ந்தது என் அடுப்படியில்.
வழித்து எறிந்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது இரண்டாம் மழையும் ஓய்ந்தது.
நூலை இழுத்தால்
ஈரப் புகையிலையாய்ப் பிய்கிறது.
சொன்ன சொல் தவறாத பொருள்.

எங்களுக்கும் தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள்.
சிமெண்டு கூடாது, மூங்கில் போதும்.
தார்ப்பாய் ஏழு முறை மாறிவிட்டது.
அந்த வார்த்தை மட்டும் மக்கவில்லை.

நூர்கைதாவின் திரையும்தான்.
மண் தொடாததால் முறுக்குக் குலையாமல் தொங்குகிறது.
மூத்தவள் அதை விலக்கிக்கொண்டு
குடத்தோடு இறங்குகிறாள்,
சறுக்கும் இடத்தில்
புல்லைப் பிடித்தபடி.