குத்தகைக்குக் கட்டம் இல்லை

முத்தோரை பாலாடாவில்
காரட் கழுவும் இயந்திரங்கள் விடியுமுன்பே ஓடும்.
கழுவி விட்ட மண்
செந்நீராய் ஓடையிறங்கி அணைக்குப் போகும்.
அதை எழுத எங்கள் படிவத்தில் இடமில்லை.

நான் எழுதியது இவ்வளவுதான்.
பரப்பு எழுபது சென்ட்.
கார அமில நிலை நாலு புள்ளி ஆறு.
பட்டாதாரர் போஜன்.
ஆறு இடத்தில் குழி தோண்டி
முந்தானையில் மண்ணைக் கலந்து தந்தவள் புஷ்பலீலா.
குத்தகை என்று ஓரத்தில்
பென்சிலால் குறித்தேன்.

மண்வளத் திட்டம். மூன்று தவணை.
போட்டோவில் தேதி தெரியவேண்டும்.

சரிவோடு இறங்கிய பாத்திகளை
அவள் குறுக்கே திருப்பினாள்.
லூபின் விதைத்து
காய்க்குமுன் கொத்தி மடித்தாள்.
கம்மலை அடகு வைத்து டோலமைட் வாங்கினாள்.
மூட்டை உரத்தை நிறுத்திய முதல் வருஷம்
காரட் சுண்டுவிரலுக்கு மேல் பருக்கவில்லை.
மண்டிக்காரர் கூடையைக் கவிழ்த்து
"இது என்னம்மா, ஊறுகாய்க்கா?" என்றார்.
அதையும் போட்டோ எடுத்தேன்.
தேதி தெரிந்தது.

பணம் போஜன் கணக்குக்கு வந்தது,
பயிர்க்கடன் பாக்கிக்கு அன்று மாலையே போனது.
அவரே தோட்டத்துக்கு வந்து போனை நீட்டினார்.
ஒரே நிமிஷ இடைவெளியில் இரண்டு குறுஞ்செய்தி.
அவள் இரண்டையும் படித்தாள்.
டீ குடிக்கிறீங்களா என்று கேட்டாள்.

மூன்றாம் வருஷம் ஐந்து புள்ளி நாலு.
கடப்பாரை வேண்டாம், கையே போதும், முழங்கை வரை இறங்கியது.
ஐப்பசி அடைமழையில்
பக்கத்துத் தோட்டம் ரோட்டுக்கு வந்தது.
அவளுடையது இருந்த இடத்திலேயே இருந்தது.
"முன்னேற்றம்" என்று மையால் எழுதி
முத்திரை வைத்தேன்.

அந்தத் தாளைப் பார்த்துத்தான்
மேட்டுப்பாளையத்துக்காரர் ஒருவர்
குத்தகையைப் பத்தாயிரம் கூட்டிக் கேட்டார்.
போஜனுக்குப் பெண் நர்சிங் படிக்கிறாள்.
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
நானும்தான்.

தை மாசம், புல்லெல்லாம் உறைபனி.
இத்தலார் பஸ்ஸில் அவள் ஏறினாள்.
மடியில் பெயிண்ட் வாளி,
மூடியில் ஆணித்துளைகள்.
"என்ன அது?"
"புழு."
கண்டக்டர் என்னைப் பார்த்தார்.
"மேடத்தைக் கேளுங்க, அவங்களுக்குத் தெரியும்" என்றாள்,
கோபம் இல்லாமல்.

அவர் வாளிக்கு ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
மூன்று வருஷத்தில்
அவள் கைக்கு வந்த
ஒரே அரசாங்கக் காகிதம் அது.
நாலாய் மடித்து
பிளாஸ்டிக் பைக்குள் பத்திரப்படுத்தினாள்.