பதினோரு நிமிடம்

மோட்டார் அணையும் சத்தம் கேட்டதும்
முட்டையை உடைக்கிறேன்.
கோலக்கெட்டில் முச்சந்திக்கு
ஃபேக்டரி பஸ் வர இன்னும் பதினோரு நிமிடம்.
லோகேந்திரன் உள்ளே வருமுன்
செம்பனை ஆலையின் புகைவாடை வந்துவிடுகிறது.

கல்லில் பரவிய முட்டை
விளிம்பில் குமிழ்விடும்போதே
நேற்று மிஞ்சிய சப்பாத்தியை
அதன்மேல் போட்டு அழுத்த வேண்டும்.
ஆறினால் ஒட்டாது.
(சண்டை மட்டும்தான் ஆறியபின் ஒட்டும்.)

திருப்பு.
பிளாஸ்டிக் உரித்த சீஸ், மஞ்சள் சதுரம்.
பாக்கெட்டில் பன்னிரண்டு;
மாதக் கடைசியில் எண்ணித்தான் எடுப்பேன்.
அரைக் கரண்டி சம்பால்.
மடித்து, மேலே குட்டி இடிகல்லை வைத்தால்
ஓரத்தில் கசிந்த சீஸ்
கல்லைத் தொட்டு முறுகி
சரிகையாய் நீள்கிறது.

அந்தச் சரிகைக்குத்தான் எங்கள் வீட்டில் போட்டி.

கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டுகிறேன்.
அவன் பாதி இராச்சாப்பாடு.
என் பாதி பசியாற.
அவன் கொட்டாவிக்கும் என் கொட்டாவிக்கும் நடுவே
மொறுக், மொறுக்.

பாய்லர் பழுதாம். இந்த வாரம் ஓவர்டைம் இல்லையாம்.
தட்டைப் பார்த்தபடி சொல்கிறான்.
மிச்சமிருக்கும் சீஸை
மனசுக்குள் எண்ணுகிறேன்: நான்கு.

பாக் சமாட் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருக்கிறார்.
சப்பாத்துக்குள் காலை நுழைக்கும்போது
என் உள்ளங்கையில் எதையோ வைத்து
விரல்களை மூடுகிறான்.

பஸ்ஸில் ஏறித் திறந்து பார்த்தேன்.
சரிகைத் துண்டு,
எண்ணெய் மினுங்க.
என் பாதியிலிருந்து
எப்போது கிள்ளினானோ, திருடன்.