கிலோவுக்கு இவ்வளவு

இதயமா, மூளையா, கிட்னியா
என்று கேட்டார்கள் திருமங்கலத்துச் சொந்தக்காரர்கள்.
வார்டு, என்றேன்.
வார்டுக்கெல்லாமா ஒரு படிப்பு என்றார் சித்தப்பா,
அதுவும் எம்.டி. முடித்த பிறகு.
ஃபெலோஷிப் என்றதும்
ஏதோ கப்பல் வேலை என்று நினைத்துக்கொண்டார்.
நான் திருத்தவில்லை.
நாற்பத்திரண்டு கட்டில்,
ராத்திரியெல்லாம் ஆடிக்கொண்டே இருக்கிறது.
கப்பல் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றேகால் மணிக்கு எழுமலையிலிருந்து
கனிஷ்கா வந்தாள்.
மூன்று வயது. ஐந்தாம் நாள்.
காய்ச்சல் விட்டுவிட்டது என்ற நிம்மதி
அவள் அம்மா பேச்சியம்மாளுக்கு.
அந்த நிம்மதிதான் எனக்குப் பயம்.
டெங்குவில் உடம்பு குளிர்ந்த பிறகுதான்
குழாய்கள் ஒழுக ஆரம்பிக்கும்.

உசிலம்பட்டிச் சீட்டில் எல்லாம் எழுதியிருந்தது.
ரத்த அழுத்தம், தட்டணுக்கள், ஓயாத வயிற்றுவலி,
எடை பதினான்கு கிலோ.
நீலப் பேனா, குண்டுகுண்டான கையெழுத்து.

பிள்ளைகள் வைத்தியத்தில் எல்லாமே
கிலோவுக்கு இவ்வளவு.
தெற்காவணி மூல வீதியில் தங்கம் நிறுப்பவர்
மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுப்பார்.
நாங்கள் அழுகையை நிறுத்தத் தெரியாமல்
முள் துள்ளத் துள்ள நிறுக்கிறோம்.

ஏழு மில்லி, பதினான்கு கிலோ,
மணிக்குத் தொண்ணூற்றெட்டு.
ஜெபராணி சிஸ்டர் பம்ப்பில் எண்ணை அமுக்கப் போனார்.
ஊசிக்கு நரம்பு தேடி
அந்தக் கையைத் தூக்கியபோது தோன்றியது:
இது பதினான்கு கிலோவின் கை இல்லை.

நிறுத்தோம். பதினொன்று புள்ளி நான்கு.
மறுபடி.
பதினொன்று புள்ளி நான்கு.

“அங்க எப்படிம்மா எடை பாத்தாங்க?”
“பாப்பா மெஷின்ல நிக்க மாட்டேன்னுச்சு.
தூக்கிட்டு நான் ஏறுனேன்.
பெறகு எறக்கிவிட்டுட்டு நான் மட்டும் ஏறுனேன்.”
கழித்தல் கணக்கு. சரியான முறைதான்.
“தோள்ல ஏதும் இருந்துச்சா?”
அவள் கட்டிலுக்கடியில் பார்த்தாள்.
நானும் குனிந்தேன்:
மூன்றடுக்குத் தூக்குச்சட்டி, வெந்நீர் ஃபிளாஸ்க்,
சுருட்டிய துணிகள்.
முதல் தடவை ஏறும்போது தோளில் பை.
இரண்டாம் தடவை தரையில்.
ரசஞ்சோற்றுக்கும் சேர்த்து
டிரிப் ஏறவிருந்தது.

மணிக்குப் பதினெட்டு மில்லி வித்தியாசம்.
ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.
நாளை மதியத்துக்குள் ஒரு தம்ளர்.
ஒழுகுகிற உடம்பில் அந்தத் தம்ளர்
நெஞ்சுக்கூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எண்பது, என்றேன்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை.
இரண்டரைக்கு ஒன்றும் நடக்கவில்லை.
நான்கு மணிக்கு மூத்திரம் போனாள்;
அளந்து பார்த்துவிட்டு
ஜெபராணியும் நானும் சிரித்துக்கொண்டோம்.
கோரிப்பாளையத்தில் பாங்கு கேட்டபோது
பாதங்கள் வெதுவெதுப்பாக இருந்தன.

என் லாக்புக்கில் கட்டங்கள் உண்டு.
தண்டுவட நீர் எடுத்தது இருபத்தொன்று,
மூச்சுக்குழாய் போட்டது ஒன்பது.
மறுபடி எடை பார்த்தது என்று கட்டம் இல்லை.
நடக்காமல் போனதன் எதிரே
யாரிடம் கையெழுத்து வாங்குவது?

“இன்னும் படிச்சிட்டா இருக்கீங்க?” என்றாள் பேச்சியம்மாள்,
என் அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு.
“வர்ற மார்கழியோட முடியுது.”
“முடிச்சுட்டா டாக்டராயிருவீகளா?”
ஒன்பது வருஷமாக டாக்டர் நான்.
ஆயிருவேன்க்கா, என்றேன்.

எட்டு மணிக்கு அப்பாஸிடம் வார்டை ஒப்படைத்தேன்.
பதினேழாம் கட்டில்: எடை திருத்தப்பட்டது.
இரவில் விசேஷம் எதுவுமில்லை.

போகிற போக்கில்
அந்தப் பையை வாங்கித் தராசில் வைத்தேன்.
இரண்டு கிலோ நானூறு.
இருநூறு கிராம் இடிக்கிறது.
வெந்நீரைக் குடித்திருப்பாள்.
இல்லை, செருப்பா?
சிக்னலில் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டு
கழித்துக்கொண்டே நிற்கிறேன்.
பச்சை விழுந்துவிட்டது,
பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.